போதைப்பொருள் பயன்படுத்தும் ஆண்களும் எச்.ஐ.வி. பராமரிப்புத் தொடரும்: சென்னை ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஐ.வி. பரிசோதனையும் கூட்டு மருந்துச் சிகிச்சையும் இந்திய அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எனினும், ஊசி வழியாகப் போதைப்பொருள் பயன்படுத்தும் ஆண்களும் மதுச் சார்புடைய ஏழை ஆண்களும் இச்சேவைகளைப் பெறுவதில் மிகவும் பின்தங்கியுள்ளனர். இப்பின்னடைவுக்கு அவர்களின் அறியாமையே காரணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. சென்னையிலும் பிற இந்திய நகரங்களிலும் அயல்நாடுகளிலும் நடைபெற்ற கள ஆய்வுகளை ஒருசேர நோக்கும்போது, ஒரு சேவை வாயிலுக்கும் அடுத்த வாயிலுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே பெரும்பாலானோர் விடுபடுகின்றனர் என்பது புலனாகிறது. இவ்விடைவெளியைக் குறைப்பதற்குரிய வழிமுறைகளையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., ஊசி வழிப் போதைப்பொருள், மதுச் சார்பு, நம்பிக்கை மையம், கூட்டு மருந்துச் சிகிச்சை, மாற்று மருந்துச் சிகிச்சை, சென்னை.

முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நகரம் சென்னை. 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியாகிய மருத்துவர் நிர்மலாவும் பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களிடமிருந்து குருதி மாதிரிகளைத் திரட்டினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அம்மாதிரிகள் சோதிக்கப்பட்டுத் தொற்று உறுதி செய்யப்பட்டது. தொடக்ககாலத் தேடல் பெண்களை நோக்கியே அமைந்தது. தொற்றைப் பெற்றும் பரப்பியும் வந்த ஆண்கள் கணக்கெடுப்புக்கு வெளியே நின்றனர். 1980களின் இறுதியில் மணிப்பூரில் ஊசி வழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோரிடையே தொற்று விரைந்து பரவியது கண்டறியப்பட்ட பின்னரே இவ்வகை ஆண்கள்மீது பொதுநலத் துறையின் கவனம் திரும்பியது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, இந்திய வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் 0.22 விழுக்காடு. அதே ஆண்டில் ஊசி வழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோரிடையே பரவல் 6.26 விழுக்காடு. அஃதாவது ஏறத்தாழ 28 மடங்கு. பொதுமக்களிடையே தொற்று குறைந்துவந்த காலத்திலும் இப்பிரிவினரிடையே அது நீடித்தது. இலவசச் சிகிச்சை இருந்தும் அது சென்று சேராமைக்குக் காரணம் என்ன, சென்று சேரச் செய்யும் முறைகள் எவை என்னும் இரண்டு வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

பராமரிப்புத் தொடர்: ஒரு விளக்கம்

எச்.ஐ.வி. பராமரிப்பு ஒரே செயலாக நிகழ்வதில்லை. அது ஐந்து படிகளைக் கொண்ட தொடர். முதற்படி, பரிசோதனை செய்துகொண்டு தன் நிலையை அறிதல். இரண்டாவது, சிகிச்சை மையத்தில் பதிவு செய்து இணைதல். மூன்றாவது, கூட்டு மருந்தைத் தொடங்குதல். நான்காவது, மாதந்தோறும் தவறாது மருந்து பெற்று நிலைத்திருத்தல். ஐந்தாவது, குருதியில் வைரஸின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைதல். உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட 95-95-95 என்னும் இலக்கு இத்தொடரை அடிப்படையாகக் கொண்டதே. தொற்றுடையோருள் 95 விழுக்காட்டினர் தம் நிலையை அறிதல், அறிந்தோருள் 95 விழுக்காட்டினர் மருந்து பெறுதல், மருந்து பெறுவோருள் 95 விழுக்காட்டினருக்கு வைரஸ் கட்டுப்படுதல் என்பது அதன் பொருள். மூன்றும் நிறைவேறினால் தொற்றுடையோருள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்கு வைரஸ் கட்டுப்பட்டிருக்கும்.

இப்பெருக்கல் கணக்கு எதிர்த்திசையிலும் செயல்படும். ஒவ்வொரு படியிலும் பாதிப்பேர் மட்டுமே அடுத்த படிக்குச் செல்வதாகக் கொண்டால், மூன்று படிகளின் இறுதியில் நூற்றுக்குப் பன்னிருவரோ பதின்மூவரோதாம் எஞ்சுவர். 2012, 2013ஆம் ஆண்டுகளில் இந்திய நகரங்களில் ஊசி வழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோரிடையே நடத்தப்பட்ட பெரிய அளவிலான ஆய்வில், தொற்றுடையோருள் பாதிக்கும் குறைவானவர்களே தம் நிலையை அறிந்திருந்தனர். மருத்துவமனைகளில் மருந்து இருந்தது. அதைப் பெறவேண்டியவர்கள் முதற்படியிலேயே நின்றுவிட்டனர்.

இறுதிப்படியை அடைவதன் பயன் தனிமனிதரோடு முடிவதில்லை. சென்னை, புணே ஆகிய நகரங்கள் உட்பட ஒன்பது நாடுகளில் 1,763 இணையரிடையே நடத்தப்பட்ட எச்.பி.டி.என். 052 ஆய்வின் முடிவு 2011இல் வெளியாயிற்று. தொற்றுடையவருக்கு உடனடியாகச் சிகிச்சை தொடங்கியபோது அவரிடமிருந்து துணைவருக்குத் தொற்று செல்வது 96 விழுக்காடு குறைந்தது. ஆகவே, ஓர் ஆண் சிகிச்சையில் நிலைத்திருத்தல் அவருடைய மனைவிக்கும் காப்பாகிறது.

ஆண்கள் விடுபடுவதற்கான காரணங்கள்

பெண்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனைக்கான வாயில் ஒன்று இயல்பாகவே அமைந்துள்ளது. கருவுற்ற பெண்கள் மகப்பேற்று முன்கவனிப்பின் பகுதியாகப் பரிசோதிக்கப்படுகின்றனர். ஆண்களின் வாழ்வில் இதற்கு ஈடான வாயில் இல்லை. உடல் முற்றிலும் தளர்ந்து, காசநோயோ வேறு தொற்றோ முற்றிய பின்னரே பலர் மருத்துவமனையை நாடுகின்றனர்.

போதைப்பொருள் பயன்படுத்தும் ஏழை ஆண்களுக்கு இதனோடு வேறு தடைகளும் சேர்கின்றன. முதலாவது, நேரம். நாட்கூலித் தொழிலாளிக்கு மருத்துவமனை வரிசையில் செலவிடும் முற்பகல் ஒருநாள் கூலியின் இழப்பாகும். ஓபியம் வகைப் போதைக்கு ஆட்பட்டவருக்குக் காலை வேளையிலேயே மருந்தின் தேவை உடல் வலியாகவும் நடுக்கமாகவும் வெளிப்படத் தொடங்கும். அந்நிலையில் மணிக்கணக்கில் காத்திருத்தல் இயலாது. இரண்டாவது, அச்சம். 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, போதைப்பொருளை உட்கொள்ளுதலையே தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. எனவே தம் பழக்கத்தை அரசு ஊழியரிடம் வெளிப்படுத்துவதைப் பலரும் ஆபத்தாகக் கருதுகின்றனர். மூன்றாவது, இழிவு. எச்.ஐ.வி.க்கு ஒன்று, போதைக்கு ஒன்று என இரட்டை இழிவை இவர்கள் சுமக்கின்றனர். குடிப்பவரும் ஊசி போடுபவரும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளமாட்டார் என்னும் முன்முடிவு மருத்துவப் பணியாளரிடையேயும் உண்டு. நான்காவது, நிலையின்மை. நடைபாதையிலும் சந்தைத் திண்ணைகளிலும் உறங்குவோருக்கு முகவரிச் சான்று இல்லை. மாத்திரைகளைப் பாதுகாத்து வைக்க இடமும் இல்லை.

இந்நான்கினுள் எதுவும் அறியாமையன்று. விழிப்புணர்வுப் பரப்புரையால் மட்டும் இவை நீங்கா.

பரிசோதனை: இடமும் நேரமும்

சென்னையின் மதுக்கடைகளை மையமாகக் கொண்ட ஆய்வு ஒன்று இங்குக் கருதத்தக்கது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் சீனா, இந்தியா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வை ஒருங்கிணைத்து நடத்தியது. அதன் இந்தியக் களமாகச் சென்னை அமைந்தது. ஏழை மக்கள் வாழும் பகுதிகளின் மதுக்கடைகளுக்கு வருவோரிடையே செல்வாக்குடையவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பாதுகாப்பான பாலுறவு பற்றித் தம் நண்பர்களிடம் அன்றாட உரையாடலின் ஊடே பேச அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பகுதிகளில் இப்பயிற்சி வழங்கப்படவில்லை. ஆனால், இருவகைப் பகுதிகளிலும் பரிசோதனை, ஆலோசனை, பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை ஆகியவை வழங்கப்பட்டன.

2010இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. இருவகைப் பகுதிகளிலும் பாதுகாப்பற்ற நடத்தை குறைந்தது. அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைத் தோல்வி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. நண்பர் வழிச் செய்தி கூடுதல் பயன் தரவில்லை. ஆனால், இருதரப்பினருக்கும் பொதுவாகக் கிடைத்த பரிசோதனையும் சிகிச்சையும் இருதரப்பிலும் நிகழ்ந்த மாற்றத்திற்குப் பங்களித்திருக்கலாம் என்னும் விளக்கத்திற்கு இம்முடிவு இடமளிக்கிறது.

இவ்விளக்கத்திற்கு அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வு துணை நிற்கிறது. அங்குப் போதை மீட்பு மையங்கள் பன்னிரண்டில் சிகிச்சை பெற்ற 1,281 பேர் சமவாய்ப்பு முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு வெளியே சென்று பரிசோதித்துக்கொள்ளப் பரிந்துரை வழங்கப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு மையத்திலேயே விரைவுப் பரிசோதனையும் விரிவான ஆலோசனையும் வழங்கப்பட்டன. மூன்றாம் குழுவினருக்கு மையத்திலேயே பரிசோதனையும் சுருக்கமான தகவலும் மட்டும் கிடைத்தன. 2012இல் வெளியான முடிவின்படி, மையத்திலேயே பரிசோதனை வாய்ப்புப் பெற்றோர் தம் முடிவை அறிந்த விகிதம் பரிந்துரை மட்டும் பெற்றோரினும் நான்கரை மடங்காக இருந்தது. விரிவான ஆலோசனை நடத்தையில் கூடுதல் மாற்றத்தை உண்டாக்கவில்லை. பரிசோதனையைப் போதை மீட்பு மையத்தினின்று பிரித்து வேறிடத்தில் வைத்ததே பெரிய தடையாக இருந்தது.

இந்தியாவில் இக்கருத்து பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 22 நகரங்களில் நடந்த ஆய்வில் 12 நகரங்கள் ஊசி வழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கும் 10 நகரங்கள் ஆணோடு பாலுறவு கொள்ளும் ஆண்களுக்கும் உரியவை. பாதி நகரங்களில் பரிசோதனை, தடுப்பு, சிகிச்சை ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் வழங்கும் ஒருங்கிணைந்த மையங்கள் அமைக்கப்பட்டன. 2019இல் வெளியான முடிவில், இந்நகரங்களில் அண்மைக்காலப் பரிசோதனை 31 விழுக்காடு கூடுதலாக இருந்தது. எனினும், புள்ளியியல் நோக்கில் அவ்வேறுபாடு உறுதியானதாகக் கொள்ளப்படவில்லை. மையத்திற்கு நேரில் வந்தவர்களை மட்டும் நோக்கியபோது அவர்களிடையே பரிசோதனை மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது.

இம்முடிவை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். மையத்தைத் தேடி வருவோர் இயல்பிலேயே உடல்நல அக்கறை மிக்கவராக இருக்கலாம். ஆயினும், கட்டடத்தைத் திறந்துவைத்தல் போதாது, அங்கு வராதவரை நாடிச் செல்லும் ஏற்பாடும் வேண்டும் என்பதை இவ்வாய்வு தெளிவாக்குகிறது.

சிகிச்சையில் இணைதலும் நிலைத்தலும்

தொற்று உறுதியான பின் ஒருவரைச் சிகிச்சை மையத்தில் சேர்ப்பதே அடுத்த இடர். தமிழகத்தில் பரிசோதனை நம்பிக்கை மையங்களிலும், மருந்து வழங்கல் கூட்டு மருந்துச் சிகிச்சை மையங்களிலும் நிகழ்கின்றன. இலவச மருந்துத் திட்டம் 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கியபோது அதன் முதல் மையங்களுள் ஒன்றாகத் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை விளங்கியது. பின்னர் மையங்கள் பெருகின. 2017 முதல், நோய் எதிர்ப்பாற்றல் அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும் தொற்றுடைய அனைவருக்கும் உடனே சிகிச்சை என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஆயினும், ஓரிடத்தில் முடிவு பெற்று வேறிடத்தில் பதிவு செய்யும் பயணம் எஞ்சியே உள்ளது.

இப்பயணத்தை எளிதாக்கும் வழிகளுள் ஊக்கப் பரிசுச் சீட்டும் ஒன்று. சென்னையில் போதைப்பொருள் பயன்பாட்டு வரலாறு உடைய, சிகிச்சை தொடங்காத 120 தொற்றாளர்களிடையே இம்முறை சோதிக்கப்பட்டது. அவர்களுள் பாதிப்பேருக்கு, மையத்திற்கு வருதல், மருந்து தொடங்குதல், வைரஸைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றுக்காகப் பொருளாக மாற்றிக்கொள்ளத்தக்க சீட்டுகள் வழங்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின் சீட்டுப் பெற்றோருள் 45 விழுக்காட்டினரும் ஒப்பீட்டுக் குழுவினருள் 27 விழுக்காட்டினரும் மருந்தைத் தொடங்கியிருந்தனர். மாதாந்திர வருகையின் இடைநிலை எண்ணிக்கை முறையே 8, 3.5 என அமைந்தது. ஆனால், வைரஸ் கட்டுப்பாட்டில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவு இரண்டு செய்திகளைத் தருகிறது. போதைப்பொருள் பயன்படுத்துவோர் தம் உடல்நலத்தில் அக்கறையற்றவர் என்னும் முன்முடிவு தவறு. சிறிய ஈடு கிடைத்தால் அவர்கள் மாதந்தோறும் வருகின்றனர். அதேவேளையில், வருகை மட்டும் மருந்தின் பயனை உறுதிப்படுத்துவதில்லை. வீட்டிலும் தெருவிலும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளப்படுகிறதா என்பது பரிசுச் சீட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் உள்நோயாளிகளாக இருந்த, போதைப்பொருள் பயன்படுத்தும் 801 தொற்றாளர்களிடையே நடந்த ஆய்வும் இதையே உணர்த்தியது. வழிகாட்டிப் பணியாளர் ஒருவரின் துணையும் பண ஊக்கமும் ஆறு மாதங்கள் வழங்கப்பட்டன. அக்கால முடிவில் வைரஸ் கட்டுப்பட்டோர் விகிதம் வழக்கமான முறையில் 35.2 விழுக்காடாகவும், துணையும் ஊக்கமும் பெற்றோரிடையே 46.4 விழுக்காடாகவும் இருந்தது. உதவி நின்றபின், பன்னிரண்டாம் மாதத்தில் அவ்வேறுபாடு மறைந்தது. துணை நீடிக்கும்வரை பயனும் நீடித்தது.

இதற்கு மாறாக, இந்தோனேசியா, உக்ரைன், வியத்நாம் ஆகிய நாடுகளில் ஊசி வழிப் போதைப்பொருள் பயன்படுத்தும் 502 தொற்றாளர்களிடையே நடந்த எச்.பி.டி.என். 074 ஆய்வு நம்பிக்கையளிக்கும் முடிவைத் தந்தது. ஒரு பிரிவினருக்கு மருத்துவமனை நடைமுறைகளில் உடன் நின்று உதவும் வழிகாட்டியும் உளவியல் ஆலோசனையும் வழங்கப்பட்டன. ஓராண்டின் முடிவில் அவர்களிடையே எச்.ஐ.வி. மருந்து பெறுதல், வைரஸ் கட்டுப்பாடு, போதைச் சார்புக்கான மருந்து பெறுதல் ஆகிய மூன்றும் மற்றவரினும் 1.7 மடங்கு மிகுந்தன. உயிரிழப்பு அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் போதைச் சார்புச் சிகிச்சைக்கும் ஒருவரே வழிகாட்டியதும், அத்துணை தேவைக்கேற்பத் தொடர்ந்ததும் இம்முறையின் சிறப்புக் கூறுகள்.

மாற்று மருந்துச் சிகிச்சை

ஓபியம் வகைப் போதைச் சார்பு நாள்பட்ட நோய். மெதடோன், புப்ரெநார்ஃபின் ஆகிய மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில் நாள்தோறும் வழங்குவது மாற்று மருந்துச் சிகிச்சை எனப்படும். 2005இல் உலகச் சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்திய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெநார்ஃபின் மாத்திரை பெரிதும் பயன்படுகிறது. இது ஊசியின் தேவையைக் குறைக்கிறது; பயனாளியின் அன்றாட வாழ்வில் ஓர் ஒழுங்கை உண்டாக்குகிறது. சென்னையில் இம்மருந்தின் ஊசி வடிவமே ஒரு காலத்தில் தவறாகப் பயன்படுத்தப்பட்டமையால் மாற்று மருந்துமீது ஐயம் கொள்வோர் உண்டு. மருத்துவப் பணியாளர் கண்முன் மாத்திரையைக் கரையச் செய்யும் முறை அவ்வையத்திற்கு விடையாக அமைந்தது.

எச்.ஐ.வி. பராமரிப்பு நோக்கில் இச்சிகிச்சையின் சிறப்பு, பயனாளி நாள்தோறும் வருகிறார் என்பதாகும். அவ்வருகையின்போதே எச்.ஐ.வி. மாத்திரையையும் வழங்கினால் இரண்டு வாயில்கள் ஒன்றாகின்றன. ஆனால், இரு சிகிச்சைகளையும் தனித்தனி மருத்துவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் நடத்தினால் மருந்துகளுக்கிடையே மோதல் நேரும். நெவிரபின், எஃபாவிரென்ஸ் ஆகிய பழைய எச்.ஐ.வி. மருந்துகளும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் குருதியில் மெதடோனின் அளவை வெகுவாகக் குறைப்பன. ரிஃபாம்பிசின் புப்ரெநார்ஃபினின் அளவையும் குறைக்கும். அப்போது பயனாளிக்கு உடல் வலி, நடுக்கம், உறக்கமின்மை தோன்றும். புதிய மாத்திரையே தம் துன்பத்திற்குக் காரணம் என்று கருதி அவர் அதைக் கைவிடுவார். பதிவேட்டில் அது ஒழுங்கின்மை எனக் குறிக்கப்படும். உண்மையில் அது மருந்தளவைச் சரிசெய்யாமையின் விளைவு. இப்போது முதல்நிலை மருந்தாக உள்ள டோலுடெக்ராவிர் இத்தகைய மோதலைப் பெரிதும் தவிர்க்கிறது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் பெறுவோருக்கு மட்டும் அதை நாளொன்றுக்கு இருமுறை வழங்க வேண்டும்.

மதுவும் மாத்திரையும்

தமிழகத்தில் மது சட்டப்படி கிடைக்கும் போதைப்பொருள். 2003 முதல் அதன் சில்லறை விற்பனை அரசின் வாணிபக் கழகத்திடமே உள்ளது. ஊசி வழிப் போதையைவிட மதுச் சார்புடைய ஆண்களின் எண்ணிக்கை பன்மடங்கு பெரிது. ஆனால், எச்.ஐ.வி. திட்டங்களில் மதுவுக்குரிய இடம் சிறியது.

மது இருவழிகளில் சிகிச்சையைக் குலைக்கிறது. மறதியும் ஒழுங்கின்மையும் ஒரு வழி. மற்றொரு வழி அதிகம் பேசப்படாதது. மதுவும் மாத்திரையும் உடலில் சேர்ந்தால் நஞ்சாகும் என்னும் நம்பிக்கை நோயாளிகளிடையே பல நாடுகளில் பதிவாகியுள்ளது. இந்நம்பிக்கையால் குடித்த நாளில் மாத்திரையை வேண்டுமென்றே தவிர்க்கின்றனர். குடிக்கவே கூடாது என்னும் கண்டிப்பான அறிவுரை இதை மேலும் வலுப்படுத்துகிறது. குடியை விட இயலாதவர் மாத்திரையை விடுகிறார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகியவை சேர்ந்த இன்றைய மாத்திரையைப் பொறுத்தவரை, குடித்த நாளில் அதை உட்கொள்வதினும் விடுவதே பெருங்கேடு. ஆகவே, மதுவைக் குறைப்பதற்கான உதவியோடு, குடித்த நாளிலும் மாத்திரையைத் தவறவிடலாகாது என்னும் தெளிவான சொல்லும் ஆலோசகரிடமிருந்து வரவேண்டும். கல்லீரல் அழற்சி சி வகைத் தொற்று ஊசி பயன்படுத்துவோரிடையே மிகுதி. அத்தொற்றுடையோர்க்கு மது கல்லீரல் பாதிப்பை விரைவுபடுத்தும் என்பதால் அவர்களின் கல்லீரல் நிலையைத் தனியே கண்காணித்தல் இன்றியமையாதது. 2018இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இத்தொற்றுக்கும் இலவச மருந்து கிடைக்கிறது.

சட்டப் பாதுகாப்பு

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. உரிய விளக்கத்துடன் பெறப்பட்ட இசைவின்றிப் பரிசோதனை செய்தலையும், ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுதலையும், சிகிச்சை மறுத்தலையும் அது தடுக்கிறது. அதன் 22ஆம் பிரிவு தனிக் கவனத்திற்குரியது. தூய ஊசி வழங்கல், மாற்று மருந்துச் சிகிச்சை போன்ற இடர் குறைப்புப் பணிகளில் ஈடுபடுவோரும் பயன்பெறுவோரும் அப்பணிகளின் காரணமாகச் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாகாதவாறு அது காக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவும் தாமே முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க வகைசெய்கிறது.

ஏட்டிலுள்ள இப்பாதுகாப்பு தெருவில் செல்லுபடியாக வேண்டுமாயின், காவல் நிலையத்தினரும் களப்பணியாளரும் பயனாளிகளும் இதை அறிந்திருத்தல் வேண்டும். ஊசி மாற்று மையத்தின் வாயிலில் ஒருவர் கைது செய்யப்பட்டால், அச்செய்தியை அறிந்த பலர் அவ்வாயிலை மீண்டும் மிதிக்கமாட்டார்.

நடைமுறைக்குரிய வழிகள்

மேற்கண்ட சான்றுகளினின்று சில வழிமுறைகள் பெறப்படுகின்றன.

1. போதை மீட்பு மையம், மாற்று மருந்து மையம், காசநோய்ப் பிரிவு, சிறைச்சாலை ஆகிய இடங்களிலேயே விரைவுப் பரிசோதனை வழங்கப்பட வேண்டும். வேறிடத்திற்குப் பரிந்துரைச் சீட்டு எழுதுவது சேவையாகாது.

2. மாலை நேரச் சேவை வேண்டும். முற்பகலில் மட்டும் இயங்கும் மையம் கூலித் தொழிலாளிக்கு மூடிய மையமே.

3. தொற்று உறுதியான அன்றே களப்பணியாளர் ஒருவர் உடன்சென்று சிகிச்சை மையத்தில் பதிவு செய்விக்க வேண்டும். முன்பு போதைப்பொருள் பயன்படுத்தி மீண்டவர்கள் இப்பணிக்கு ஏற்றவர்கள். அவர்களுக்கு முறையான ஊதியம் வழங்கப்பட வேண்டும்.

4. பயணச் செலவும் உணவுச் சீட்டும் தொடக்க மாதங்களில் பயனளிப்பன. ஆனால், அவற்றை வழிகாட்டியின் தொடர்ச்சியான துணையோடு இணைக்க வேண்டும்.

5. ஒருவர் வரவில்லையெனில் அதற்கான காரணத்தைத் தேடும் நடைமுறை வேண்டும். மருந்து மோதல், கைது, இடப்பெயர்வு, வலி ஆகியவற்றுள் எது நேர்ந்தது என அறியாமல் அவரை ஒழுங்கற்றவர் எனப் பதிவு செய்தலாகாது.

6. மனைவிக்கான பரிசோதனையும் ஆலோசனையும் அவளுடைய இசைவோடும் மந்தணத்தோடும் தனியே வழங்கப்பட வேண்டும். கணவர் சிகிச்சையை நிறுத்தினால் பாதிக்கப்படக்கூடியவள் அவளே என்பதால், அவளைக் கணவரின் மாத்திரைக்குக் காவலாளியாக மட்டும் கருதுதல் முறையன்று.

முடிவுரை

நண்பர் வழிச் செய்தி, விரிவான ஆலோசனை, குறுகியகால ஊக்கத்தொகை ஆகியவை தனித்து நிற்கும்போது வரம்புக்குட்பட்ட பயனையே தந்தன. சேவையை ஆண்கள் இருக்குமிடத்திற்குக் கொண்டுசெல்லுதல், போதைச் சார்புச் சிகிச்சையையும் எச்.ஐ.வி. சிகிச்சையையும் இணைத்தல், ஒருவரின் துணையைத் தொடர்ந்து அளித்தல் ஆகியவை நிலையான பயனுக்கு வழிவகுத்தன. எச்.பி.டி.என். 074 ஆய்வில் உயிரிழப்பு அபாயம் பாதியாகக் குறைந்தமைக்குப் புதிய மருந்து எதுவும் காரணமன்று. இருந்த மருந்தை உரியவரிடம் சேர்ப்பித்த மனிதத் துணையே காரணம். தமிழகத்தில் பரிசோதனைக் கருவி, கூட்டு மருந்து, மாற்று மருந்து, சட்டப் பாதுகாப்பு ஆகிய நான்கும் ஏற்கெனவே உள்ளன. அவற்றை இணைக்கும் களப்பணியாளரின் ஊதியமும் மாலை நேர மையமும் அடுத்த திட்ட ஒதுக்கீட்டில் இடம்பெறுமா என்பதைப் பொறுத்தே இவ்வாண்களின் வாழ்நாளும் அவர்களுடைய குடும்பத்தினரின் நலமும் அமையும்.